ஆரைக் கேட்டு அழிச்சனீங்கள்? ரசிகர் குழுக்களும் எங்கட விதிகளும்

(ஸ்காபரோவில் நடந்த எங்கள் மாதக் கூடலில் ஒரு தோழர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் திருத்தவில்லை. தன் பெயரையும் தன் குழுவின் பெயரையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)



என்னைக் கூப்பிட்ட பிள்ளையள், "அக்கா, ஒழுங்கமைப்புப் பற்றிக் கதையுங்கோ" என்றார்கள். நான் எந்த இயக்கத்தையும் ஒழுங்கமைத்தவள் இல்லை. பகலில் ஒரு மருந்துக்கடையில் நிற்கிறேன். இரவில், பத்து வருசத்துக்கு மேலாக, ஒரு தமிழ்ச் சினிமா ரசிகர் குழுவுக்கு அட்மினாக இருக்கிறேன். சிரிக்கிறியள், பரவாயில்லை. என்ர அம்மாவும் இதுக்குச் சிரிக்கிறவதான்.

ஆனால் ஒன்றைக் கேட்கிறேன். போன மாதம் எங்கட வாசிப்பு வட்டத்துக்கு எத்தினை பேர் வந்தவை? பதின்மூன்று. அந்தக் குழுவில் சில ஆயிரம் பேர் இருக்கினம். மார்க்கமில் லொறி ஓட்டுற அண்ணை, பிரம்டனில் நேர்ஸ் அக்கா, இரவில் ஒபிஸ் துடைக்கிற அம்மா, யூனிவர்சிட்டியில் படிக்கிற பிள்ளை. இளையராஜாவா ரகுமானா என்று விடிய விடியச் சண்டை பிடிப்பினம். நாங்கள் "மக்கள்" என்று துண்டுப்பிரசுரத்தில் எழுதுகிற ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். அங்கே என்ன பேசலாம், என்ன பேசக்கூடாது என்று ஆரோ ஒருவர் முடிவு எடுக்கிறார். அந்த ஆளாக இருந்து நான் விட்ட இரண்டு பிழைகளைத்தான் இன்றைக்குச் சொல்ல வந்தேன்.

முதல் பிழை. 2020 ஒக்ரோபர். எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்டிருந்த காலம். முத்தையா முரளிதரனின் வாழ்க்கையைப் படமாக்குகிறார்கள், '800' என்று பெயர், விஜய் சேதுபதி நடிக்கிறார் என்று போஸ்டர் வந்தது. முரளிதரன் ராஜபக்ச குடும்பத்துக்குப் பக்கத்தில் நின்றவர். 2019 தேர்தலில் கோத்தபாயவை ஆதரித்தவர். எங்களுக்குக் கோபம் வந்தது. அது நியாயமான கோபம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நானும் எழுதினேன், குழுவில் கனபேர் ஹாஷ்டாக் போட்டார்கள். தமிழ்நாட்டிலும் பாரதிராஜா தொடங்கிப் பலர் விலகச் சொன்னார்கள். ஒக்ரோபர் 19 ஆம் திகதி, முரளிதரனே விலகும்படி கேட்டு அறிக்கை விட, விஜய் சேதுபதி "நன்றி, வணக்கம்" என்று போட்டுவிட்டு விலகினார். வெண்டிட்டம் எண்டு கொண்டாடினோம்.

அதே கிழமை ருவிற்றரில் ஒருவர், விஜய் சேதுபதியின் மகளுக்குப் பாலியல் வன்முறை செய்வேன் என்று மிரட்டி எழுதினார். அவ ஒரு சின்னப் பிள்ளை. சென்னையில் சைபர் பொலிஸ் வழக்குப் பதிந்தது. பிறகு இலங்கையைச் சேர்ந்த ஒருவர் காணொளியில் வந்து, கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கோ என்றார்.

அந்த ஆள் எங்கட குழுவில் இல்லை. அதைச் சொல்லி நான் தப்பலாம். ஆனால் அந்த மிரட்டல் வருவதற்கு முன்னமே எங்கட குழுவில், போஸ்டருக்குக் கீழே, ஒரு பெடியன் அந்த நடிகரின் வீட்டுப் பெண்களைப் பற்றித் தூசணத்தில் எழுதியிருந்தான். வேலை முடிந்து பஸ்ஸில் வரேக்க பார்த்தேன். விரல் அழிக்கப் போனது. நிறுத்தினேன். அழித்தால் "முரளிக்கு வக்காலத்து வாங்கிறாள்" என்பார்கள். கோபம் எங்கட பக்கத்துக் கோபம், எழுதினது எங்கட பெடியன், நாளைக்குப் பார்ப்பம் எண்டு போய்ப் படுத்திட்டன்.

விடிய எழும்பிப் பார்த்தால் அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மையள். ஒரு பதினாறு வயசுப் பிள்ளை எனக்குத் தனியாக எழுதியிருந்தா: "அக்கா, நீங்கள் இதைப் பாத்தனீங்கள்தானே?" அவ்வளவுதான். நான் பார்த்ததற்கான அடையாளம் அவவுக்குத் தெரிந்திருக்கிறது. பதில் எழுத முதல் அவ குழுவை விட்டுப் போய்விட்டா.

இதற்கு மூன்று வருசம் முதல் நடந்ததையும் நினைத்துப் பாருங்கோ. 2017 ஓகஸ்டில், 'தி நியூஸ் மினிட்' ஆசிரியர் தன்யா ராஜேந்திரன், ஒரு ஹிந்திப் படத்தை இடைவேளை வரைகூடப் பார்க்க முடியவில்லை, 'சுறா'வையே அது தோற்கடித்துவிட்டது என்று ஒரு ருவீற் போட்டார். அதற்கு விஜய் ரசிகர்கள் என்று சொல்லிக்கொண்டவர்கள் நாட்கணக்காக ஆயிரக்கணக்கில் வசவு எழுதினார்கள். அவரை அவமானப்படுத்தவென்றே ஒரு ஹாஷ்டாக் செய்து ஓட்டினார்கள். அவர் பொலிசுக்குப் போனார். கடைசியில் விஜய், விமர்சிக்க எல்லாருக்கும் உரிமை உண்டு, பெண்களை இழிவாக எழுதக்கூடாது என்று அறிக்கை விட்டார்.

நடிகர் அறிக்கை விடுகிற கட்டத்துக்கு வரும்போது எல்லாம் நடந்து முடிந்துவிடும். ஹாஷ்டாக் தானாக முளைக்காது. எத்தனை மணிக்குப் போடுவது, என்ன சொல் போடுவது என்று ஏதோ ஒரு குறூப்பில் கதைத்து முடிவு எடுக்கிறார்கள். அந்தக் குறூப்புக்கு ஒரு அட்மின் இருக்கிறார். அந்த நேரத்தில் அவர் "இது வேண்டாம்" என்று சொல்லியிருந்தால்? நான் 2020இல் சொல்லவில்லை. ஆகவே எனக்கு அவரைப் பேச வாயில்லை.

அந்தப் பிள்ளை போன பிறகு நாங்கள் மூன்று அட்மின்கள் சூமில் கூடினோம். பயத்தில் எழுதிய விதி எப்படி இருக்கும்? "இங்கே அரசியல் வேண்டாம். சினிமா மட்டும். மரியாதையாகக் கதையுங்கள்." மூன்று வரி. மேலே பின் பண்ணி வைத்தோம். குழு அமைதியானது. நல்ல வேலை செய்துவிட்டோம் என்று நினைத்தோம்.

இரண்டாவது பிழை அங்கேதான் தொடங்குகிறது.

எங்கட குழுவில் ஒரு அம்மா இருக்கிறா. சண்டைக்கு வரமாட்டா. சுசீலா அம்மாவின் பழைய பாட்டுகளைப் போட்டு "இரவு வணக்கம் பிள்ளையள்" எண்டு எழுதுறவ. மே 18 அன்று ஒரு பாட்டைப் போட்டு, கூடவே ஒரு பழைய படத்தையும் போட்டா. சைக்கிளோடு நிற்கிற ஒரு இளைஞர். "என்ர தம்பி. இந்தப் பாட்டுத்தான் எப்பவும் பாடுவான். 2009க்குப் பிறகு தகவல் இல்லை." ஒருவர் ரிப்போர்ட் அடித்தார். எங்களில் ஒருவர் "அரசியல்" என்று அழித்தார். நான் கேள்வி கேட்கவில்லை. விதி விதிதானே.

அவ முறைப்பாடு செய்யவில்லை. பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டா. இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. இலக்கம் தேடி ரெலிபோன் எடுத்தேன். கோபப்படவில்லை. ஒன்றுதான் கேட்டா: "பிள்ளை, ஆரைக் கேட்டு அழிச்சனீங்கள்?"

என்னிடம் பதில் இல்லை.

தோழர்களே, இதே கேள்வியைத்தான் நாங்கள் முகநூலிடம் வருசக்கணக்காகக் கேட்கிறோம். மாவீரர் நாளுக்கு ஒரு படம் போட்டால் அழிக்கிறான், கணக்கை முடக்கிறான். காரணம் ஒரு வரி: "எங்கள் சமூக விதிகளை மீறியது." எந்த விதி, எந்தச் சொல், ஆர் பார்த்தது என்று கேட்க இடமில்லை. புலிகளைக் கனடா 2006 ஏப்ரலில் தடைப் பட்டியலில் சேர்த்தது எங்களுக்குத் தெரியும். ஆனால் செத்த அண்ணனுக்கு விளக்குக் கொளுத்துகிற ஒருவருக்கும் ஆள் சேர்க்கிற ஒருவருக்கும் வித்தியாசம் பார்க்கத் தெரியாத இயந்திரம் அது. அதே கொம்பனி, 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளை வேளைக்கு அழிக்கவில்லை. 2020இல்தான் தங்கள் தளம் அப்படிப் பயன்பட்டதற்கு மன்னிப்புக் கேட்டது. அழிக்கக் கூடாததை அழிக்கிறது, அழிக்க வேண்டியதை விடுகிறது. இரண்டுக்கும் ஒரே காரணம்: முடிவு எடுக்கிறவர் எங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை.

அந்த அம்மாவுக்கு நாங்கள் செய்ததும் அதேதான். சின்னக் குறூப்பில் சின்ன முகநூலாக இருந்திருக்கிறோம்.

பிறகு குழுவைக் கூப்பிட்டு, ஒரு மாதம் கதைத்து, விதியைத் திருப்பி எழுதினோம். அதில் படித்ததைச் சொல்கிறேன். உங்கட வட்ஸ்அப் குறூப்புக்கும் பொருந்தும்.

ஒன்று. "மரியாதை" என்ற சொல்லை எடுத்துவிட்டோம். எங்கட சமூகத்தில் மரியாதை எண்டால் என்ன? இளையவர் மூத்தவருக்கும், பெண் ஆணுக்கும், ஒடுக்கப்பட்டவர் மற்றவருக்கும் காட்டவேண்டியது. ஒரு பெட்டை "இந்தப் பாட்டில் அவன் அவளைப் பின்தொடர்கிறது காதல் இல்லை" என்று எழுதினால், "மரியாதையாகக் கதை தங்கச்சி" என்று பத்து அண்ணைமார் வருவினம். அந்த விதி அவர்களுக்குத்தான் உதவினது. ஆகவே குணத்தைச் சொல்லாமல் செயலைச் சொன்னோம். படத்தை, பாட்டை, நடிகரின் நடிப்பை, அவரின் அரசியலை எவ்வளவும் கிழிக்கலாம். ஆளின் உடம்பை, குடும்பத்தை, வீட்டுப் பெண்களை, பிள்ளைகளைத் தொடக்கூடாது. எங்கட எதிரியாக இருந்தாலும் தொடக்கூடாது. அந்தக் கடைசி வரி 2020க்காகப் போட்டது.

இரண்டு. சாதி. மாரி செல்வராஜின் 'மாமன்னன்' 2023இல் வந்தபோது என்ன நடந்தது? சாதிவெறி பிடித்த வில்லன் பாத்திரத்தின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளைச் சேர்த்து, அவரை நாயகனாக்கி ஓட்டினார்கள். எங்கட குழுவுக்கும் வந்தது. "எடிற்றிங் நல்லாயிருக்கு" எண்டு லைக் போட்டவையில் பாதிப்பேருக்கு அந்தப் பாட்டு என்ன சொல்லுது எண்டே தெரியாது. அழித்தோம், ஏன் அழித்தோம் என்று எழுதினோம். அந்த நீண்ட கொமென்ட் சண்டைதான் எங்கட குழுவில் நடந்த முதல் சாதி பற்றிய வெளிப்படையான கதை.

எங்கட ஆட்களுக்கு இன்னொரு நுட்பமான வேலை இருக்கிறது. "நீங்கள் ஊரில எவடம்? எந்தக் கோயிலடி?" எல்லாருக்கும் விளங்கும் அது என்ன கேள்வி என்று. இங்கே பிறந்த பிள்ளைக்கு விளங்காது. அது அப்பாவியாகப் பதில் சொல்லும், கேட்டவர் மௌனமாகக் கணக்குப் போடுவார். விதியில் எழுதினோம்: ஒருவர் தானாகச் சொன்னால் ஒழிய ஊர் விசாரிக்கக்கூடாது. "இது கனடா, இங்க ஏது சாதி?" எண்டு சண்டைக்கு வந்தவைக்குச் சொன்னோம்: ரொறன்ரோ கல்விச்சபை 2023 மார்ச்சில் சாதி ஒடுக்குமுறை இங்கே இருக்கிறது என்று ஏற்று வாக்களித்தது. அதே வருசம் ஒக்ரோபரில் ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு சாதிப் பாகுபாடு பற்றிக் கொள்கை நிலைப்பாடு வெளியிட்டது. அரசாங்க நிறுவனங்களே ஒத்துக்கொண்டதை ரசிகர் குழு ஒத்துக்கொள்ளப் பஞ்சிப்படக்கூடாது.

மூன்று. வதந்தி. இது கனடாவில் இருக்கிற எங்களுக்குத் தனித் தலையிடி. 2023 ஓகஸ்டில் இருந்து மெற்றா முகநூலிலும் இன்ஸ்ரகிராமிலும் செய்தி லிங்குகளைக் கனடாவில் தடுத்து வைத்திருக்கிறது. ஒட்டாவாவின் சட்டத்துக்குக் காசு கட்ட விருப்பமில்லை. சனம் என்ன செய்யும்? ஸ்கிரீன்ஷொட் போடும். திகதி இருக்காது, எந்தப் பத்திரிகை என்று இருக்காது. 2024 ஜனவரியில், தென்னிந்தியப் படங்கள் ஓடுகிற தியேட்டர்களில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மோகன்லாலின் 'மலைக்கோட்டை வாலிபன்' காட்சிகளை சினிப்ளெக்ஸ் இரத்துச் செய்தது. அன்று இரவு எங்கட குழுவில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். இன்ன கடைக்காரர் செய்வித்தார், இன்ன விநியோகஸ்தர் செய்வித்தார். ஒரு பெயர் பிழையாகப் போனால் அந்த மனிசன் நாளைக்கு எப்படிக் கடை திறக்கிறது? ஆகவே விதி: ஸ்கிரீன்ஷொட் போட்டால் எந்த ஊடகம், என்ன திகதி என்று எழுத வேண்டும். குற்றச்செயல் பற்றிய பதிவில் ஊடகத்தில் வராத எந்தத் தனி ஆளின் பெயரும் இல்லை.

நான்கு. "அரசியல் வேண்டாம்" என்ற வரியை வெட்டினோம். பதிலாக எழுதினது: நினைவுகூரலை அழிக்கமாட்டோம். மே 18இலும் நவம்பரிலும் ஆரும் தங்கட ஆளின் படத்தைப் போடலாம். அதற்குக் கீழே விவாதம் நடத்தக்கூடாது. விவாதிக்க விரும்பினால் வேறு பதிவு தொடங்குங்கோ. இது கஷ்டமான விதி. எந்த இயக்கம், எவர் எவரைச் சுட்டது என்ற கேள்வி எங்கட எல்லா வீட்டிலும் இருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து 1990இல் துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை ஒன்றும் எங்கட குழுவில் இருக்கிறா. அவ ஒக்ரோபரில் தன் வீட்டுப் படத்தைப் போட்டபோது சிலர் குதித்தார்கள். அதே விதி அவவுக்கும் காவல் நின்றது. விதி எங்கட ஆட்களுக்கு மட்டும் எண்டால் அதுக்குப் பெயர் விதி இல்லை.

ஐந்து. மிரட்டல். இதில் கதைக்க ஒன்றும் இல்லை, உடனே எடுக்கிறோம். ஆனால் எடுக்க முதல் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, திகதி, நேரம், கணக்கின் முகவரியோடு சேமிக்கிறோம். கனடாவின் குற்றவியல் சட்டம் 264.1 ஆம் பிரிவின் கீழ் மிரட்டுவது குற்றம். இந்த அறையில் பொலிசை நம்பாதவர்கள் இருக்கிறோம், நானும்தான். அதனால் பொலிசுக்குப் போவதா இல்லையா என்று நாங்கள் முடிவு எடுப்பதில்லை. மிரட்டப்பட்டவர் எடுப்பார். எங்கட வேலை, அவர் எந்தப் பக்கம் போனாலும் கையில் ஆதாரம் இருக்கச் செய்வது. ஒட்டாவா வந்து காப்பாற்றும் எண்டு இருக்காதேங்கோ. இணையத் தீங்குகள் சட்டமூலம் 2024 பெப்ரவரியில் வந்தது, 2025 ஜனவரியில் பாராளுமன்ற அமர்வு முடிக்கப்பட்டதோடு செத்துப்போனது.

விதி ஐந்து. ஆனால் என்னைக் கேட்டால் விதியைவிட நடைமுறைதான் பெரிது. "ஆரைக் கேட்டு அழிச்சனீங்கள்" என்ற கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

மிரட்டலும் தூசணமும் தவிர்த்து எதையும் ஒருவர் தனியாக அழிக்க முடியாது. இரண்டு பேர் பார்க்க வேண்டும். அழிக்க முதல் எழுதினவரை ஒருக்கா கேட்க வேண்டும்: "இதை ஏன் போட்டனீங்கள்?" பாதிச் சிக்கல் அந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும். அழித்தால் எந்த விதி, ஏன் என்று இரண்டு வரி. அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அந்த முடிவில் பங்கெடுக்காத இன்னொருவர் திருப்பிப் பார்ப்பார். என்னென்ன அழித்தோம் என்று ஒரு பட்டியல் மாதாமாதம் குழுவில் போடுகிறோம், பெயர் இல்லாமல். ஆறு மாதத்துக்கு ஒருக்கா ஒரு அட்மின் இறங்கி இன்னொருவர் வர வேண்டும். ஒரு பெண்ணாவது, இருபத்தைந்து வயசுக்குக் கீழ் ஒருவராவது இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் 2022இல் இருந்து அட்மின் ஆரின் செய்தியையும் எல்லாருக்கும் அழிக்கலாம். அந்தப் பொத்தான் ஒருவர் கையில் மட்டும் இருக்கிற குறூப் ஆபத்தானது. அவர் எவ்வளவு நல்ல தோழராக இருந்தாலும்.

"எங்களுக்கு விதி வேண்டாம், நாங்கள் எல்லாரும் நண்பர்கள்தானே" என்று சொல்கிற இடதுசாரிக் குழுக்களுக்கு, ஜோ ஃப்ரீமன் என்ற பெண்ணியவாதி 1970இலேயே பதில் சொல்லியிருக்கிறார். அமைப்பே இல்லாத குழு என்று ஒன்று இல்லை. எழுதாத விதி உண்டு, அது ஏற்கெனவே செல்வாக்கு இருக்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்த விதி. எங்கட கூட்டங்களிலும் அதுதானே நடக்குது? ஆர் கடைசியாகப் பேசுவது, ஆர் தேத்தண்ணி போடுவது எண்டு எங்கேயும் எழுதவில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்.

கடைசியாக உழைப்பு. இது காசில்லாத வேலை. றெடிற்றில் தொண்டர்களாக இருக்கிற மட்டுறுத்துனர்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 466 மணித்தியாலம் உழைக்கிறார்கள், வருசத்துக்கு 34 லட்சம் டொலர் பெறுமதி என்று 2022இல் வந்த ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அடுத்த வருசம் ஜூனில் அவர்கள் ஆயிரக்கணக்கான குழுக்களை மூடி வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்துக்கு இதைச் செய்கிறவர்களின் நிலை இன்னும் மோசம். நைரோபியில் முகநூலுக்காகக் கொலையும் சித்திரவதையும் பார்த்துப் பார்த்து அழித்த தொழிலாளர்கள் மனம் உடைந்து நீதிமன்றம் போனார்கள், 2023 மே மாதம் தொழிற்சங்கம் கட்ட முடிவெடுத்தார்கள். நாங்கள் பார்க்கிறது அதில் ஒரு துளி. எண்டாலும் இரவு பன்னிரண்டு மணிக்குத் தூசணம் வாசித்துவிட்டுப் படுக்கிறது லேசான வேலை இல்லை. ஆகவே எங்களுக்குள்ளும் ஒரு விதி: இரவு பதினொன்றுக்குப் பிறகு புதுப் பதிவுகள் காத்திருக்கும். ஆரும் நித்திரை முழிக்கத் தேவையில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. போன மாதமும் ஒரு பதிவைப் பிழையாக எடுத்தோம், திருப்பிப் போட்டு மன்னிப்புக் கேட்டோம். அந்தப் பதினாறு வயசுப் பிள்ளை திரும்பி வரவில்லை. எங்கே இருக்கிறா என்றும் தெரியாது. அந்த அம்மாவிடம் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். தேத்தண்ணி தந்தா, தம்பியின்ர அல்பத்தைக் காட்டினா. ஆனால் குழுவில் இன்னும் பாட்டுப் போடவில்லை. மற்றவர்கள் போடுகிற பாட்டுக்கு லைக் மட்டும் போடுறா. நான் அதைத் தினமும் பார்க்கிறேன்.

ஒரு வேலை தந்துவிட்டு முடிக்கிறேன். நீங்கள் ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு குறூப்பில் அட்மினாக இருக்கிறியள், இல்லாட்டி அட்மினைத் தெரியும். குடும்பக் குறூப், பழைய மாணவர் குறூப், எங்கட குறூப்பும்தான். அடுத்த கூடலுக்கு வரேக்க அதன் விதியை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கோ. விதி இல்லை எண்டால், கடைசியாக அங்கே ஆரை நீக்கினது, ஆர் நீக்கினது, அவரிடம் காரணம் சொன்னதா என்று எழுதிக்கொண்டு வாருங்கோ. அதிலிருந்து தொடங்குவம்.